நனைந்த நெல்லின் எதிர்த் தரப்பு

புதுக்கழனியில் சிட்டம்மாளின் நெல் நனைந்தது செவ்வாய்க்கிழமை. அது செய்தியானது வியாழக்கிழமை. பொய்யானது ஞாயிற்றுக்கிழமை. நெல்லைக் கேட்டால், எல்லா நாளும் தான் ஒரே இடத்தில், ஒரே ஈரத்தில்தான் கிடந்ததாகச் சொல்லும். ஆனால் நெல்லைக் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

பெருநகர் என்கிற ஊரிலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் ஏறி, நாலாவது நிறுத்தத்தில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தால் புதுக்கழனி. அங்கே நெல் கொள்முதல் நிலையம் ஒன்று இருக்கிறது. நிலையம் என்றதும் கட்டடம் எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு களம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு எடை மிஷின், நெல்லின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று, அந்தக் கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கும் எழுத்தர் வசந்த்குமார். இவ்வளவுதான். விவசாயிகள் நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, தங்கள் எண் வரும்வரை குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிட்டம்மாளின் எண் நாற்பத்து மூன்று. அவள் உட்கார்ந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. முதலில் சாக்கு வரவில்லை. சாக்கு வந்த அன்று லாரி வரவில்லை. லாரி வந்த அன்று மழை வந்தது.

சிட்டம்மாளுக்குச் சொந்த நிலம் கிடையாது. காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஜெயமணி என்பவரின் ஒன்றரை ஏக்கரை ஆறு வருஷமாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறாள். இந்த அறுபது மூட்டை எடை மிஷினில் ஏறினால் குத்தகை தீரும். குத்தகை தீர்ந்தால் அடுத்த போகத்துக்கும் நிலம் அவள் கையில் இருக்கும். ஏறாவிட்டால் இருக்காது. விஷயம் அவ்வளவு எளிது. எளிதான விஷயங்களைக் கவனிக்கத்தான் நாட்டில் வாரியங்கள் இருக்கின்றன.

புதன்கிழமை காலை, சுகுமார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். 'பாலாற்றுக் குரல்' நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். சிட்டம்மாளின் தம்பியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பள்ளிக்கூடம் போன நாட்களில் பாதி நாள் மத்தியானச் சோறு அவள் வீட்டில்தான்.

"இன்னாக்கா இது, மொளையே வுட்டுக்கினு கீது!"

"கைய வுட்டுப் பாரு. உள்ளே கொதிக்குது. இன்னும் நாலு நாளு இப்படியே கெடந்தா நாத்தாவே புடுங்கி நட்டுக்கலாம்."

"ஒரு பிடி அள்ளி இப்படிக் காட்டு. படம் எடுத்துக்கறேன்."

"எடுத்து இன்னா பண்ணப் போறே?"

"பேப்பர்ல போடுவேன். மறுநாளே மேலேருந்து போன் வரும், அடிச்சிப் புடிச்சி எடை போடுவாங்க. இன்னாக்கா, எம் மேல நம்பிக்க இல்லியா?"

"உன்ன நம்பாம வேற யார நம்பறது? எடு, எடு. புடவ கசங்கிக் கீது, அது தெரியாத மாதிரி எடு."

வியாழக்கிழமை ஆறாம் பக்கத்தில் படம் வந்தது. 'மழையில் முளைத்த நெல்: புதுக்கழனி பெண் விவசாயி கண்ணீர்' என்று தலைப்பு. சிட்டம்மாள் அழவில்லை. கண்ணீரைப் பத்திரிகை தன் பங்காகச் சேர்த்திருந்தது.

சுகுமார் சொன்னபடியே மேலேயிருந்து போனும் வந்தது. ஆனால் அது நெல்லைப் பற்றிய போன் இல்லை. பேப்பரைப் பற்றியது.

இங்கே தமிழரசன் அவர்களை அறிமுகப்படுத்த வேண்டும். செய்திச் சமநிலை வாரியத்தின் மாவட்டத் தலைவர் அவர். பத்திரிகைகள் ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்கின்றன என்று இவர் பல மேடைகளில் வருந்தியதைக் கண்டு, இவர் மேலும் வசதியாக வருந்துவதற்காக உருவாக்கப்பட்ட வாரியம் அது. உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அதன் அலுவலகம். அங்கே இரண்டு ஊழியர்கள் தினமும் எல்லாப் பத்திரிகைகளையும் விரித்து, மர ஸ்கேல் வைத்து, தலைவரைப் பற்றிய செய்தி எத்தனை சென்டிமீட்டர், மற்றவர்களைப் பற்றியது எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து நோட்டில் எழுதுவார்கள். தலைவர் அதிகமாக இருந்தால் அது நடுநிலை. குறைந்தால் பாரபட்சம். இரண்டும் சமமாக இருந்த ஒரே ஒரு நாளில், ஸ்கேல் பழசாகிவிட்டது என்று புதிய ஸ்கேல் வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டுக் கார்களில் வாரியம் புதுக்கழனிக்கு வந்தது. தலைவர் இறங்கி நெல்லைப் பார்க்கவில்லை. பேப்பரை வாங்கி விரித்து, அதில் இருந்த நெல்லைப் பார்த்தார். சுகுமாரையும் வரவழைத்திருந்தார்கள். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஏம்மா, இந்தப் படத்துல கீறது நீதானா?" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா."

"கையில இன்னா?"

"நெல்லுங்கய்யா. மொளச்சிட்டது."

"கையில எவ்ளோ கீது?"

"ஒரு பிடி கீதுங்கய்யா."

"குவியல்ல மொத்தம்?"

"அறுபது மூட்டைங்க."

தலைவர் சுகுமாரின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, துயரம்தான் இருந்தது. "பாத்தியா தம்பி? அறுபது மூட்டையில ஒரே ஒரு பிடியத் தூக்கிக் காட்டிக்கீறே. மீதி நெல்லோட கருத்து இன்னான்னு கேட்டியா?"

"மீதியும் மொளச்சிதான் கீதுங்கய்யா" என்றாள் சிட்டம்மாள்.

"நீ சும்மா இரும்மா. நான் கருத்துச் சுதந்திரத்தப் பத்திப் பேசிக்கினு கீறேன்."

பிறகு அவர் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வந்தார். இந்த நிலையம் திறந்த அன்று சுகுமார் எழுதிய செய்தியில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி சொன்னவர், மாவட்டம், ஒன்றியம், கிளை, கிளையின் துணை, கடைசியில் 'உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர்'. நம் பக்கத்தில் செய்தி என்றால் அப்படித்தான். என்ன நடந்தது என்பது நாலு வரி. யார் நின்றார்கள் என்பது நாற்பது வரி.

"தொறந்த செய்தியில முப்பத்தொரு பேரு. நனைஞ்ச செய்தியில ஒருத்தன் பேரும் இல்ல. இன்னா அர்த்தம்? நல்லதுக்கு நாங்க வேணும், நனைஞ்சதுக்கு வேணாமா? இதுக்குப் பேரு பாரபட்சம் இல்லாம வேற இன்னா?"

"இல்லண்ணே... நனைஞ்சதுக்கு யாரு முன்னிலை வகிச்சாங்கன்னு..." என்று தொடங்கிய சுகுமார், தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்து பாதியில் நிறுத்தினான். தலைவருக்குப் பின்னால் நின்ற, அந்தப் பட்டியலின் மற்ற முப்பது பேரும் ஆளுக்கொரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். "ஈர நெல்லு ஒரு தரப்பு. காஞ்ச நெல்லு இன்னொரு தரப்பு. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சிப் படம் போட்டாத்தான் பத்திரிகை தர்மம். நாளான்னிக்கு மறுப்புச் செய்தி. மொதல் பக்கம். உங்க ஆசிரியர் கிட்ட நான் பேசிட்டேன்."

கொட்டகையிலிருந்து வசந்த்குமார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், களத்துல காஞ்ச நெல்லே இல்லீங்களே. எல்லாமே நனைஞ்சிதான் கீது."

"அப்ப இந்தக் களமே ஒருதலைப்பட்சமா கீது" என்றார் தலைவர். காரில் ஏறும்போது, "சரி பண்ணிடலாம்" என்றும் சொன்னார்.

கார்கள் போனதும் சிட்டம்மாள் கேட்டாள்: "என்னிக்கு எடை போடுவாங்களாம் சுகுமாரு?"

"நாளைக்குக்கா. அதுக்குத்தானே இவ்ளோ பெரிய ஆளுங்களாம் வந்தாங்க."

சனிக்கிழமை காலை ஒரு டிராக்டர் வந்தது. அதில் தலைவரின் மச்சான் சிவக்குமாரின் ரைஸ்மில் குடோனிலிருந்து அறுபது மூட்டை காய்ந்த நெல். சிட்டம்மாளின் குவியலுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே அகலத்தில் கொட்டினார்கள். உயரம் சமமாக இருக்கிறதா என்று மாடி ஊழியர்கள் ஸ்கேல் பிடித்துப் பார்த்தார்கள். வசந்த்குமார் அதைப் பதிவேட்டில் 'சமநிலைக் குவியல்' என்று எழுதினார். அப்படி ஒரு கட்டம் பதிவேட்டில் இல்லாததால், ஓரத்தில் கோடு போட்டு எழுத வேண்டியிருந்தது.

வானம் மறுபடியும் மூடிக்கொண்டு வந்தது. வாரியம் தார்ப்பாய்க்கு ஆள் அனுப்பியது. உத்திரமேரூர் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா, பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்றை ஆட்டோவில் போட்டுக்கொண்டு தானே கூடவே வந்துவிட்டார். அரசியல்காரர்களுக்கு இரவல் கொடுத்த பொருளோடு கூடவே போவது நல்லது என்று அனுபவத்தில் தெரிந்தவர். இறங்கியதும் நேராகச் சிட்டம்மாளின் குவியல் மேல் அதை விரிக்கப் போனார்.

"பாய், பாய்! இன்னா பண்றீங்க?" என்று தலைவர் தடுத்தார். "இந்தப் பக்கம் போடுங்க."

"அது காஞ்ச நெல்லாச்சே. இதுதானே நனைஞ்சிக்கினு கீது?"

"ஈர நெல்ல மூடிட்டா படத்துல ஈரம் எப்படித் தெரியும்? ஒரு தரப்ப மறைக்கிறது அநியாயம் இல்லியா?"

ரஹமத்துல்லா இரண்டு குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தார். தார்ப்பாயைக் காய்ந்த குவியல் மேல் போட்டுவிட்டுச் சிட்டம்மாளிடம் வந்து, "இது இன்னாம்மா பேஜாரா கீது! நாப்பது வருஷமா தார்ப்பாய் விக்கறேன். மழைக்கு வாங்குவாங்க, வெயிலுக்கு வாங்குவாங்க. தர்மத்துக்கு இப்பதான் பாக்கறேன்" என்றார்.

படம் எடுக்கும்போதே தூறல் விழுந்தது. படத்தில் ஒரு குவியல் நனைந்தது, ஒரு குவியல் நனையவில்லை. தலைவர் இரண்டுக்கும் நடுவில், யாரோ பிடித்த குடையின் கீழ், இரண்டு பக்கமும் கை நீட்டிச் சிரித்தபடி நின்றார்.

பிறகு சுகுமார் ஒரு காகிதத்தோடு சிட்டம்மாளிடம் வந்தான். அவன் கடையிலேயே டைப் அடித்தது. இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினான்: 'என் நெல் நனைந்தது இயற்கையின் செயல். அதில் யாருக்கும் பங்கில்லை. நான் கண்ணீர் விடவில்லை.'

"அது நெசந்தான். நான் எங்க அழுதேன்? நீதான் அழுதேன்னு போட்டே" என்றாள் சிட்டம்மாள்.

"அதத்தாங்க்கா மறுக்கறோம். கையெழுத்து போட்டா உடனே நாப்பத்து மூணாம் நம்பரக் கூப்புடுவாங்க. அண்ணன் வாக்கு குடுத்துக்கீறாரு."

"ரெண்டாவது பக்கத்துல இன்னா?"

சுகுமார் காகிதத்தைப் பார்த்தான். பிறகு எடை மிஷினைப் பார்த்தான். "அது சும்மா, ஃபார்மாலிட்டிக்கா. படிச்சா நேரந்தான் ஆவும். மழ வேற வலுக்குது."

"படிச்சிட்டியா நீ?"

"நான்தானே டைப் அடிச்சேன்."

அவள் அஞ்சாவது வரை படித்தவள். உட்கார்ந்து எழுத்துக் கூட்டியிருந்தால் படித்திருக்க முடியும். ஆனால் டைப் அடித்தவனே பக்கத்தில் நிற்கும்போது எழுத்துக் கூட்டுவது அவனைச் சந்தேகப்படுவது போல இருந்தது. கையெழுத்துப் போட்டாள். சி, ட், ட, ம், மா, ள். ஒவ்வொரு எழுத்தாக, தப்பில்லாமல்.

வாக்குப்படி, பத்தே நிமிடத்தில் வசந்த்குமார் எழுந்து நின்று, "நாப்பத்து மூணு!" என்று கூப்பிட்டார்.

சிட்டம்மாள் ஓடிப்போய்த் தன் குவியலின் முன்னால் நின்றாள். கூலிக்காரர்கள் சாக்கோடு வந்தார்கள். அவளைத் தாண்டிப் போனார்கள். தார்ப்பாயை விலக்கிச் சிவக்குமாரின் குவியலை அள்ளத் தொடங்கினார்கள். அலமாரியின் பூட்டு திறக்கப்பட்டது. கருவி வெளியே வந்தது. ஈரம் பதிமூன்று சதவீதம் என்று காட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவேளை வரிசையில் முதலில் அது, அடுத்தது நம்முடையது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அறுபது மூட்டையும் தைத்து லாரியில் ஏறியது. தார்ப்பாயும் ஆதாரப் பொருள் என்று வாரியத்தின் காரில் ஏறியது. ரஹமத்துல்லா அந்தக் காரிலேயே ஏறிக்கொண்டு போனார்.

"நாப்பத்து நாலு!" என்று கூப்பிட்டார் வசந்த்குமார்.

"சார், நாப்பத்து மூணு நான்."

"முடிஞ்சிடுச்சேம்மா. இப்பதானே எடை போட்டோம்."

"அது என்து இல்ல சார். என்து தோ கீதே!"

வசந்த்குமார் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் படித்தார். நல்ல மனிதர், தெளிவாகவே படித்தார். 'செய்திச் சமநிலை கருதி, என் முறையையும் டோக்கனையும் சமநிலைக் குவியலுக்கு மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன்.'

"நெல்லு யாரு குடுத்தாங்களோ அவங்க கணக்குக்குத் துட்டு போயிடும். உன் டோக்கன் முடிஞ்சிடுச்சி. இனிமே அடுத்த சீசன்தான்."

"அப்போ இது?"

"எது?"

"இந்தக் குவியலு சார்!"

வசந்த்குமார் குவியலைப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்தார். "நாப்பத்து மூணாம் நம்பர் நெல்ல வாங்கியாச்சு. வாங்கின நெல்லு லாரியில கீது. அதனால களத்துல உன் நெல்லுன்னு ஒண்ணு கெடையாது."

"அப்ப இது யாருது?"

"தெரியலியே. யாருதுன்னு தெரியாத நெல்ல யாரும் தொடக்கூடாது. நீ எதுனா அள்ளினேன்னா நான் மேலே எழுதணும். பாத்துக்கோ."

சிட்டம்மாள் சுகுமாரைத் தேடினாள். அவன் ஏற்கெனவே செய்தி அனுப்பப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வந்தது: 'புதுக்கழனி நெல்: உண்மை இதுதான்.' நாலு வரிச் செய்தி, பிறகு முப்பத்தொரு பேர். முப்பத்திரண்டாவதாக 'விவசாயி சிட்டம்மாள் நன்றி கூறினார்' என்று இருந்தது. அவள் பெயர் முப்பத்தொரு பேரோடு ஒரே பத்தியில் வந்ததைப் பார்த்துக் கிளைத் துணைச் செயலாளர் ஒருவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

புதன்கிழமை அதே கல்யாண மண்டபத்தில் 'பத்திரிகைப் பொறுப்புணர்வுப் பெருவிழா' நடந்தது. தன் செய்தியைத் தானே மறுத்த முதல் நிருபர் என்ற முறையில் சுகுமாருக்குப் 'பொறுப்பு மாமணி' பட்டம். அவனைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று சிட்டம்மாள் பஸ் ஏறிப் போனாள். வாசலிலேயே அவளை அடையாளம் கண்டு, அன்போடு அழைத்துப் போய் மேடையில் ஓரமாக உட்கார வைத்தார்கள். ஒரு சால்வையும் விழுந்தது. அவளுக்கு எழுந்து போக வழி தெரியவில்லை.

தலைவர் பேசினார்.

"பத்திரிகை ஜனநாயகத்தின் நான்காவது தூண்! தூணோட வேலை இன்னா? நிக்கிறது. கூரையத் தாங்கறது. எந்த வூட்லயாவது தூணு வாயத் தொறந்து பாத்துக்கீறீங்களா? தூணு வாயத் தொறந்தா அதுக்குப் பேரு தூணு இல்ல. விரிசல்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"விமர்சனத்த நான் வரவேற்கிறவன். என்ன யாரு வேணா விமர்சிக்கலாம். மொதல் நாளே எழுதியாந்து காட்டினா, பிழை திருத்தி, நானே கையெழுத்து போட்டுக் குடுப்பேன். போன வருஷம் பூரா ஒருத்தரும் எழுதியாரல. இதுலேருந்து இன்னா தெரியுது? எம் மேல விமர்சனமே இல்லன்னு தெரியுது. நாங்க பத்திரிகைய மெரட்டறோம்னு சில பேரு சொல்றான். மெரட்டவே இல்ல. விளம்பரம் குடுக்கறது எங்க சுதந்திரம், குடுக்காம இருக்கறதும் எங்க சுதந்திரம். அந்த ரெண்டாவது சுதந்திரத்த ஆசிரியருக்கு ஞாபகப்படுத்தினோம், அவ்ளோதான். சுதந்திரத்த ஞாபகப்படுத்தறது மெரட்டலா? உண்மைய எழுதாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். எழுதுங்க! நேரம் பாத்து எழுதுங்க! நெல்லு நனைஞ்சத, நெல்லு காஞ்சப்பறம் எழுதினா யாருக்கு இன்னா கஷ்டம்?"

சிட்டம்மாள் எழுந்து மைக்கிடம் போனாள். "ஐயா, என் நெல்லு இன்னும் அங்கியே..."

தலைவர் மைக்கை மெதுவாகத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். "சிட்டம்மா பேச வேணாம். பேசினா, நான்தான் பேச வெச்சேன்னு நாளைக்கு எழுதுவாங்க. பேசாம உக்காந்துகினு கீற வரைக்கும்தான் அது அவங்களோட சுதந்திரமான கருத்து!"

மறுபடியும் கைதட்டல். சுகுமாரும் தட்டினான். கழுத்தில் மாலை இருந்ததால் கொஞ்சம் குறைவாகத்தான் தட்ட முடிந்தது.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற படிக்கட்டில் அவனைப் பிடித்தாள்.

"ரெண்டாவது பக்கத்துல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு."

சுகுமார் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஆசிரியரு போன் பண்ணாருக்கா. செய்தியக் கெடுத்தா வேற ஆளப் போட்டுருவேன்னாரு. பிரஸ் கார்டு இந்த மாசம்தான் வரப்போவுது. பத்து வருஷம்க்கா. பத்து வருஷமா கார்டு இல்லாம ஓடிக்கினு கீறேன்."

"நான் உன் கார்டக் கேக்கல. தெரியுமா, தெரியாதா?"

"டைப் அடிச்சா எல்லாத்தையும் படிக்கணும்னு இன்னாக்கா..."

"சரி, நடந்தத எழுது. நெல்லு அங்கியேதான் கீதுன்னு எழுது. அது போதும்."

"எழுதறேன்க்கா, சத்தியமா எழுதறேன். ஆனா இப்ப ரூல் மாறிப்போச்சு. ரெண்டு தரப்பையும் கேட்டுத்தான் எழுதணும். வாங்கலன்னு சொல்றது யாரு? நீ. வாங்கிட்டாங்கன்னு கையெழுத்து போட்டது யாரு? அதுவும் நீ. ரெண்டு பேரையும் கேட்டு, ரெண்டு பேருக்கும் சமமா எடம் குடுக்கணும்."

"எந்த ரெண்டு பேரு?"

"நீயும், நீயும்."

அவன் வாக்குத் தவறவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் வந்தது: 'நெல்லை வாங்கவில்லை: சிட்டம்மாள் புகார். சிட்டம்மாள் திட்டவட்ட மறுப்பு.' இடது பக்கம் முளைத்த நெல்லோடு ஒரு படம், வலது பக்கம் சால்வையோடு ஒரு படம். இரண்டும் ஆறு சென்டிமீட்டர். மாவட்டத்தின் மிகச் சிறந்த நடுநிலைச் செய்தி என்று வாரியம் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியது.

அன்று மத்தியானம் காஞ்சிபுரத்திலிருந்து ஜெயமணி போன் செய்தார். கெட்டவர் இல்லை, காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்.

"இன்னாம்மா சிட்டம்மா, நெல்லு போயி ஒரு வாரம் ஆவுது. குத்தகையப் பத்தி ஒரு வார்த்த இல்லியே?"

"போகலைங்கய்யா. இன்னும் களத்துலதான் கீது. அழுவிக்கினு கீது."

"ஞாயித்துக்கெழம போட்டான்ல, மொதல் பக்கத்துல?"

"அது பொய்யிங்கய்யா."

"இன்னிக்கும் மறுத்துக்கீறியே. திட்டவட்டமான்னு போட்டுக்கீது."

"நீங்க ஒரு தபா நேர்ல வந்து பாருங்கய்யா. கால்ல வேணா வுழறேன்."

எதிர்முனையில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. "ஆறு வருஷமா உன்ன நம்பித்தாம்மா வுட்டேன். வரலன்னா வரலன்னு சொல்லியிருக்கலாம். துட்ட வெச்சிக்கினு பேப்பர்ல ரெண்டு மாதிரி பேசறியே, இது நல்லாவா கீது? அடுத்த போகத்துக்கு வேற ஆளப் பாத்துட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். ஏமாற்றியவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஏமாற்றினாய் என்று அவளைத்தான் கேட்டார்கள்.

திங்கட்கிழமை, செய்யாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தானியேல் தன் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்தான். அறுப்பு முடிந்த கழனிகளில் வருஷா வருஷம் மேய்க்க வருகிறவன். ஐந்நூறு வாத்து இருக்கும். ஏரிக்கரையில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"இன்னாம்மா, களத்துல புளிச்ச நாத்தம் அடிக்குது?"

"நெல்லு."

"யாருது?"

"யாருதும் இல்லியாம்."

"அப்ப வுடலாமா?"

சிட்டம்மாள் குவியலைப் பார்த்தாள். மேலே பச்சையாக முளை, கீழே கறுத்த சேறு. "வுடு" என்றாள்.

வாத்துகள் கரையிலிருந்து இறங்கிக் களத்துக்குள் புகுந்தன. வசந்த்குமார் பதறிப்போய்ப் பதிவேட்டோடு வெளியே வந்தார். யாரும் தொடக்கூடாது என்ற விதியில் வாத்து அடங்குமா என்று மேலே போன் செய்து கேட்டார். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவர்கள் கேட்டுச் சொல்வதற்குள் குவியலில் பாதி இல்லை. தானியேல் அவள் கையில் ஒரு தட்டு வாத்து முட்டையைக் கொடுத்தான். அறுபது மூட்டைக்கு இதுவரை அவளுக்கு வந்து சேர்ந்தது அதுவும் ஒரு சால்வையும்தான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சுகுமார். புதுப் பிரஸ் கார்டு கழுத்தில் தொங்கியது. களத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு கைப்பேசியை எடுத்தான்.

"அக்கா, தோ இதான்க்கா படம்! அரசு நெல்லு கொள்முதல் நெலயத்துல ஐந்நூறு வாத்து! இத எவனும் மறுக்க முடியாது. சென்னைப் பதிப்புல வரும். நெசமாவே உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"போன தபாவும் என் நல்லதுக்குத்தான் எடுத்தே."

"இந்தத் தபா..."

"எடுக்காத சுகுமாரு." அவள் சத்தம் போடவில்லை. "நெல்லு நனைஞ்சிதுன்னு போட்டே. நனையலன்னு ஆயிடுச்சி. வாங்கலன்னு போட்டே. வாங்கிட்டாங்கன்னு ஆயிடுச்சி. இதுங்களாவது வயிறாரத் துன்னட்டும். உன் பேப்பர்ல வந்துட்டா, இதுங்களும் துன்னலன்னு ஆயிடும்."

சுகுமார் கைப்பேசியை இறக்கினான். "எடுக்கலக்கா. சத்தியமா எடுக்கல" என்றான்.

அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டு, வண்டியில் ஏறி, ஏரிக்கரை முனை திரும்பி மறைகிற வரைக்கும் சிட்டம்மாள் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.